ஆடாமல் இருக்க ஓர் ஆட்டக்காரர்

மழை நாள். சிவாஜிநகரில் தொம்மலூர் பஸ் ஏறியபோது டிரைவர், கண்டக்டர் போக நான்கு பேர்தான் இருந்தோம்: கறிப் பையோடு ஒரு அம்மா, நான், எனக்கு முன் சீட்டில் நாற்பதைத் தாண்டிய பாஸ்கெட்பால் ஆட்டக்காரர் ஒருவர், அவரை மறுபடியும் தன் டீமில் சேர்க்க ஃபாரத்தோடு வந்திருந்த இளம் செயலாளர்.

“நீங்க ஆடவே வேணாண்ணா. ஜெர்சி போட்டு பெஞ்ச்ல உக்காந்தா போதும்” என்றார் செயலாளர்.

“ஆடாத ஆளு உனக்கு எதுக்குப்பா?”

“ரிச்சர்ட்ஸ் டவுன் டீம்ல உங்கள கேட்டாங்களாமே. அங்க போனா எங்களையே அடிச்சிடுவீங்க.”

“அவங்களும் பெஞ்சுக்குத்தான் கேட்டாங்க. உங்க பக்கம் ஆடிடுவேன்னு பயமாம்.”

செயலாளர் சிரிக்கவில்லை. ஆட்டக்காரர் முட்டியைத் தடவிக்கொண்டார். அது தாங்குமா என்று எனக்குத்தான் கவலை.

“கடைசி அஞ்சு நிமிஷமாவது எறக்குவியா? எம்பொண்ணு பாக்க வர்றேன்னு சொல்லியிருக்கா.”

“ஜெயிச்சிட்டிருந்தா பாக்கலாண்ணா.”

“தோத்துட்டிருந்தா?”

“அப்ப எப்படிண்ணா ரிஸ்க் எடுக்கறது?”

அவர் ஃபாரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடவில்லை.

“உக்கார்றதுக்கு நீ என்ன குடுப்பேன்னு அப்பறம் பேசலாம். போன வருஷம் ஆடுனதுக்கே நீ இன்னும் மூவாயிரத்து ஐந்நூறு தரணும்.”