கிசில்கும் வெயிலில் ஒரு ஹீட்டர்

பழைய கார் வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதன் முன்னால் ரேடியேட்டர் என்று ஒன்று இருப்பதே, அது கொதித்து ஆவி கக்கும்போதுதான் தெரியவருகிறது. அப்போதும் என்ன செய்வார்கள்? கைக்குட்டையைச் சுற்றி மூடியைத் திருகி முகத்தைச் சுட்டுக்கொள்வார்கள். இல்லையென்றால் வாய்க்காலிலிருந்து ஒரு வாளி மொண்டு வந்து ஊற்றுவார்கள். எங்கள் நூக்குஸ் பக்கத்துத் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். அதை எஞ்சினுக்குள் விட்டால் சுண்ணாம்பாகப் படிந்து அடைத்துக்கொள்ளும் என்று யோசிக்க அவர்களுக்கு மூளை கிடையாது.

நான் அந்த ரகம் இல்லை ஐயா. குளிர்காலத்திலேயே பனியை உருக்கி வடிகட்டி, கேன்களில் சேர்த்துவைப்பேன். என் பழைய ஜிகுலி கார் கோடையில் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். பாப்லார் மரங்களின் பஞ்சு பறந்து ஓய்ந்ததும் ரேடியேட்டரைக் கழற்றி, இடுக்கில் சிக்கியதையெல்லாம் தூரிகையால் எடுப்பேன். தெர்மோஸ்டாட்டை வெந்நீர்ச் சட்டியில் போட்டு, சரியான சூட்டில் வாய் திறக்கிறதா என்று பார்ப்பேன். விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாலே அதன் தொய்வு எனக்குத் தெரிந்துவிடும்.

இந்த அக்கறை எனக்கு வரக் காரணம் என் மச்சான் குத்லிமுரத்தான். என் மனைவி அய்சுலூவின் அண்ணன். முலாம்பழ வியாபாரி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவர்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில், மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்த என் கார் நடுத்தெருவில் கொதித்து நின்றுவிட்டது. அவர் எல்லோர் முன்னாலும் கைதட்டிச் சிரித்தார்.

"வண்டியா இது? நம்ம மாப்பிள்ளை சமோவாருக்குச் சக்கரம் மாட்டியில்ல ஓட்டிட்டு வந்திருக்காரு. யாராவது கோப்பை எடுத்துட்டு வாங்கப்பா, டீ பிடிச்சுக்கலாம்."

மணப்பெண் முக்காட்டுக்குள் சிரித்தாள். அய்சுலூவும் சிரித்தாள். பிறகு அவரே சட்டைக் கையை மடித்துவிட்டு, தோள் கொடுத்து வண்டியைத் தள்ளினார். அதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் என் கார் ஒருமுறைகூடக் கொதிக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. விருந்துக்குப் போனால் சின்னப் பிள்ளைகள்வரை 'சமோவார் மாமா' என்றார்கள்.

இந்தக் கோடையில் மச்சானுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. கால் வீங்கி, நீர் பிரிவதற்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புகாராவில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். அவருடைய புதுக் காரை மகன் கசாக்ஸ்தானுக்கு வேலைக்கு எடுத்துப் போயிருந்தான். அய்சுலூ என்னிடம் வந்து நின்றாள்.

"விடியறதுக்குள்ள கிளம்பிடுங்க. அண்ணனுக்குச் சூடு ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. தண்ணி கொடுத்துட்டே இருங்க."

சரி என்றேன். எண்ணெய் மாற்ற வேண்டும் என்று தாமதித்து, வெயில் ஏறிய பிறகுதான் கிளம்பினேன். அவர் பின்னால் படுத்து வர இடம் வேண்டும் என்று சொல்லி அய்சுலூவைக் கழற்றிவிட்டேன். முந்தைய நாளே பின்கதவுக் கண்ணாடிகளின் கைப்பிடிகளை எடுத்துவிட்டிருந்தேன். இதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

துர்த்குல் ஊரைத் தாண்டியதும் கிசில்கும் பாலைவனத்து மணல்தான். மச்சான் பேசிக்கொண்டே வந்தார்.

"வண்டி வெண்ணெயாட்டம் போகுதே மாப்பிள்ளை. முன்னாடி ஏதோ கோளாறுன்னு சொல்வீங்களே, என்ன அது? மறந்தே போச்சு."

மறந்தே போச்சு. எத்தனையோ வருஷம் என்னைத் தின்ற ஒன்று அந்த மனிதரின் நினைவில்கூட இல்லை. அதுவரை நான் மனம் மாறியிருக்கலாம் என்று வேண்டுமானால் நீங்கள் நினைத்துக்கொள்ளலாம்.

"சூடு காட்டுற முள்ளு ஏறுது மச்சான்," என்றேன். "ஹீட்டரைப் போட்டாத்தான் எஞ்சின் பிழைக்கும்."

"இந்த வெயில்லயா?"

"எஞ்சின் சூட்டை அது உள்ள இழுத்துக்கும். இல்லேன்னா நடுவழியில நின்னுடும். அப்புறம் ரெண்டு பேரும் கருவாடுதான்."

நான் சொன்ன வைத்தியம் உண்மையானது. எஞ்சின் நிஜமாகவே கொதிக்கும்போது அதைத்தான் செய்ய வேண்டும். அவருக்கு முள்ளைப் பார்க்கத் தெரியாது. பொத்தானை அழுத்தினால் குளிர் வரும் என்பதோடு அவருடைய கார் ஞானம் முடிந்தது.

"சரி, போடுங்க," என்றார். "என்னால உங்க வண்டிக்குச் சிரமம்."

எதிர்த்துக் கத்தியிருந்தால்கூட ஒரு மரியாதை வந்திருக்கும். ஹீட்டரை முழுக்கத் திருப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடியை இறக்கச் சொன்னார். கைப்பிடி உடைந்துவிட்டது, மணலும் அடிக்கிறது என்றேன். என் பக்கக் கண்ணாடியை மட்டும் ஒரு சாண் இறக்கியிருந்தேன். ஓட்டுகிறவனுக்கு மயக்கம் வரக்கூடாது அல்லவா?

சாலையோரம் ஒரு டீக்கடை வந்தது. நல்ல நிழல். வெளியே கட்டில்கள் போட்டிருந்தார்கள்.

"நிறுத்துங்க மாப்பிள்ளை. மூச்சு முட்டுது."

"இந்தச் சூட்டோட நிறுத்தினா எஞ்சின் இறுகிடும் மச்சான். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

பொறுத்துக்கொண்டார். அடுத்த டீக்கடையிலும் அதையே சொன்னேன். அய்சுலூ கொடுத்தனுப்பிய பாட்டில் எப்போதோ காலியாகியிருந்தது. காலடியில் இருந்த கேனைக் காட்டி ஒரு வாய் கேட்டார்.

"அது வண்டிக்கு மச்சான். கொதிச்சா ஊத்தணும்."

"ஆமா, வண்டிக்கு வேணும்," என்று தலையாட்டினார். அதன்பிறகு தோட்டத்தில் யாரோ ஆளிடம் பழத்தை நிழலில் அடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். காரில் எங்களைத் தவிர ஆளே இல்லை. பிறகு அந்தப் பேச்சும் நின்றது. நான் ஹீட்டரை மூடினேன்.

காரைப் பிரித்துப் பார்த்த உங்கள் மெக்கானிக் எந்தக் கோளாறும் இல்லை என்று எழுதியிருக்கிறான். அவன் சொல்வது சரி. அன்று முள் பாதியைத் தாண்டவே இல்லை. ஹீட்டர் தேவைப்படவில்லை. அது எனக்கு முதலிலிருந்தே தெரியும். அவரை நான்தான் கொன்றேன். தெரிந்தே, நிதானமாகக் கொன்றேன். ஒரு கேலிப் பேச்சுக்காகவா என்று முகத்தைச் சுளிக்கிறீர்கள். உங்களைப் பார்த்து இதுவரை யாரும் சிரித்ததில்லை போலிருக்கிறது.

அய்சுலூ இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. அண்ணனுக்காக அழுது தீர்க்க அவளுக்கும் கொஞ்ச நாள் வேண்டும். அப்பா அம்மா எப்போதோ போய்விட்டார்கள், அண்ணனும் இப்போது இல்லை. என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? வருவாள்.