மேல் மாடி முன் வீடு

ராக்காயி: வாளிய எடுடி காளியாயி. ரொம்பி வழிஞ்சு என் காலெல்லாம் நனையுது.

காளியாயி: நனையட்டும். இனிமே காலத்துக்கும் மலைத் தண்ணி கொட்டுற இந்தப் பீலியிலதான வாளி வைக்கப் போறோம்?

ராக்காயி: காலங்காத்தால நல்ல வார்த்தையே வராதா ஒன் வாயில?

காளியாயி: நானா சொன்னேன்? நஸார் முதலாளி சொன்னாரு. நேத்து பேக்கரி சாத்தையில எங்க வீட்டுக்காரர்கிட்ட... "அழகா, மாடி வீடு கட்டுறது நின்னு போச்சுடா, யாரோ பெட்டிசன் போட்டுட்டாங்க"ன்னு. ஒனக்குத் தெரியாதா?

ராக்காயி: எனக்கு... எனக்கு எப்புடித் தெரியும்? எங்க வீட்டுக்காரரு ஸ்டேசன்ல மூட்டை எறக்கிட்டு வந்து விழுந்தாருன்னா வாயத் தொறக்க மாட்டாரே.

காளியாயி: சின்னத்தம்பி அண்ணன் வாயத் தொறக்காட்டி என்ன? நீதான் செவுத்துல காத வச்சுக்கிட்டே படுப்பியே.

ராக்காயி: ஒன் வீட்டுச் செவுத்துல காத வேற வைக்கணுமாக்கும்! அரைச் செவுரு. நீ அந்தப் பக்கம் வெங்காயம் உரிச்சா இந்தப் பக்கம் என் கண்ணுல தண்ணி கொட்டுது.

காளியாயி: அதுக்குத்தானடி மாடி வீடு வருதுன்னதும் அம்புட்டு சந்தோசப்பட்டோம்? கூரை வரைக்கும் செவுரு. கதவுக்குத் தாப்பா. டயகமத் தோட்டத்துல ஒரே லயத்து வரிசை வீட்டுல பொறந்தோம், ஹட்டன் டவுனுக்குக் குடி வந்தும் அதே அரைச் செவுரு, அதே ஒழுகல்...

ராக்காயி: பெரிய மாடி வீடு! நாலு குடும்பம் இருக்கிற எடத்துல பன்னெண்டு குடும்பம். ஒருத்தி தலைக்கு மேல இன்னொருத்தி நடப்பா. படுத்துக் கெடக்குற லயத்தத் தூக்கி நிக்க வச்சா, அதுக்குப் பேரு மாடி வீடா?

காளியாயி: அடேயப்பா! இம்புட்டு வெறுப்பாப் பேசுறவ எதுக்குடி பொங்கலுக்கு மறுநாள் முதலாளி வீட்டுக்கு ஒரு தகரம் முறுக்குச் சுட்டுக் கொண்டு போன?

ராக்காயி: அது... முதலாளி சம்சாரம் செரீபாம்மாவுக்கு முறுக்குன்னா உசுரு.

காளியாயி: முறுக்கக் குடுத்துட்டு "மேல் மாடியில ரோட்டப் பாத்த முன் வீடு எங்களுக்குத்தான் வேணும்"னு கேக்கல?

ராக்காயி: கேட்டேன். எனக்கென்ன வெக்கம்? எம் மக நாகலெட்சுமி எட்டாவது படிக்கிறா. இந்த இருட்டு வீட்டுல பகல்லயே வெளக்குக் கொளுத்தி வச்சுப் படிக்கிறா. முன் வீட்டுல ஜன்னல் ரெண்டு. வெளிச்சம் வரும்னு கேட்டேன். நீ மட்டும் சும்மாவா இருந்த? பெருநாளைக்கு மொத நாளு அவங்க வீட்டுல ஒரு மரக்கா அரிசி இடிச்சுக் குடுத்துட்டு வந்தியே, அது எதுக்கு?

காளியாயி: ஒனக்கு யாரு சொன்னா?

ராக்காயி: ஒன் கையில மாவு காயல, அது சொல்லிச்சு. அப்புறம் செரீபாம்மாவே சொன்னாங்க. "முன் வீட்டக் காளியாயிக்குக் குடுக்கிறதாச் சொல்லியாச்சே, நீ பிந்திட்டியே புள்ள"ன்னு.

காளியாயி: என்னது... எனக்கா? அப்புடியா சொன்னாங்க?

ராக்காயி: நடிக்காதடி. அன்னிக்கு இருந்து ஒரு வாரம் எனக்குச் சோறு எறங்கல.

காளியாயி: எனக்கு வீடு குடுத்தா ஒனக்கு ஏன்டி சோறு எறங்கல?

ராக்காயி: ஏன் எறங்கும்? ஒரே நாளு பேர் பதிஞ்சு கொழுந்தெடுக்கப் போனோம். கங்காணி ஒனக்கு நல்ல நெரையாக் குடுப்பான், எனக்குக் கல்லும் பள்ளமுமா குடுப்பான். ஒன் புருசன் பேக்கரி வேலை, வீட்டுக்கு வந்தா ரொட்டி வாசம். எம் புருசன் மேல கருவாட்டு மூட்டை வாசம். அதெல்லாம் போகட்டும்னு விட்டேன். இதுல நீ மேல ஜன்னல்ல நின்னு தலைய உலத்துவ, நான் கீழ வாளி தூக்கிக்கிட்டு அண்ணாந்து பாக்கணுமா?

காளியாயி: அண்ணாந்து பாக்காத. குனிஞ்சே போ.

ராக்காயி: பாத்தியா, பாத்தியா! அந்தத் திமிரு ஏறிப்போச்சு பாரு, இன்னும் படியே கட்டல!

காளியாயி: இனிமே கட்டவும் மாட்டாங்க. நிம்மதியாத் தின்னு. ...ஏய், முதலாளி வர்றாரு. முந்தானைய ஒழுங்காப் போடு.

நஸார்: என்ன, ரெண்டு பேரும் பீலியக் குத்தகைக்கு எடுத்துட்டீங்களா? கடைக்கு ஒரு வாளி தண்ணி கெடைக்குமா?

காளியாயி: புடிச்சுக்குங்க முதலாளி. மாடி நின்னு போச்சுன்னாங்களே, மெய்தானுங்களா?

நஸார்: மெய்தான். டவுன் கவுன்சில் ஓவசியர் அந்தப் பெட்டிசனையே எடுத்துக் காட்டிட்டாரு. மூணு மாடி கட்டினா மண்ணு சரியுமாம். பக்கத்து வீடுகளுக்கு வெயிலே விழாதாம். பீலித் தண்ணி நாறிப் போகுமாம். சிங்களத்துல முத்து முத்தா எழுதியிருக்கு. விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு கல்லு வைக்கக் கூடாது.

ராக்காயி: யாரு... யாரு போட்டதாம்?

நஸார்: பேரு இல்ல. மொட்டைப் பெட்டிசன். ஆனா கூத்தக் கேளு, அடியில கைநாட்டு இருக்கு.

காளியாயி: கைநாட்டா?

நஸார்: அதப் பாத்துட்டு ஓவசியருக்கே சிரிப்பு. பேர மறைக்கத் தெரிஞ்சவங்களுக்கு வெரல மறைக்கத் தெரியலையேன்னு.

ராக்காயி: ஏன் முதலாளி, கைநாட்டு இல்லாட்டி அந்தக் கடுதாசி செல்லுமா?

நஸார்: என்னது?

ராக்காயி: இல்ல... தோட்டத்துல அப்புடித்தான சொல்லுவாங்க. பேர் பதியவும் கைநாட்டு, அரிசி வாங்கவும் கைநாட்டு, பிரஜா உரிமைக்கு எழுதிப் போடவும் கைநாட்டு. வெரல் படாத கடுதாசிய எந்த தொரை மதிச்சிருக்காரு?

காளியாயி: அது சரிதான் முதலாளி. வைக்காட்டிச் செல்லாது.

நஸார்: நல்ல ஆளுங்க! யா அல்லா, எனக்கு இருக்கிற வயித்தெரிச்சல்ல நீங்க வேற. இந்த ஹட்டன்ல ஒரு பாய் விரிக்கச் சமமா நெலம் இருக்கா, சொல்லுங்க? இந்தப் பக்கம் ரயில் ரோடு. அந்தப் பக்கம் மலை. சுத்தி வரத் தேயிலை, அதுல ஒரு அடி விட்டுத் தருவானா தொரை? தோட்டத்துல இருந்து வாரா வாரம் ரெண்டு குடும்பம் டவுனுக்கு எறங்குது. எங்க வைக்கிறது அவங்கள? மேலதான் போகணும். இன்னும் பத்துப் பதினஞ்சு வருசம் பொறுத்துப் பாருங்க, இந்த ரோடு நெடுக மூணு மாடி, நாலு மாடி நிக்கும். மொதல்ல கட்டினவன் நஸார்னு பேரு இருக்கணும்னு ஆசைப்பட்டேன்.

காளியாயி: அந்த மேல் மாடி முன் வீடு... அத யாருக்குன்னு வச்சிருந்தீங்க முதலாளி?

நஸார்: என் தங்கச்சி அசீசாவுக்கு. மாப்பிள்ளைக்குக் கம்பளை ஊரு. கல்யாணத்துக்கு வீடு குடுக்கிறதாப் பேச்சு.

ராக்காயி: அசீசாவுக்கா!

காளியாயி: அப்ப செரீபாம்மா சொன்னது...

நஸார்: என்ன சொன்னா? ஓ... அவளுக்கு அது ஒரு சீக்கு. வந்து கேக்கிறவங்க மொகத்துக்கு நேரா இல்லைன்னு சொல்ல வராது. அடுத்தவங்க பேரச் சொல்லி "அவங்களுக்குக் குடுத்தாச்சே"ன்னு அனுப்பிருவா. கடையில கடன் கேட்டு வந்தாலும் இதே கததான். அதப் போயி நம்பினீங்களா? ஒங்க ரெண்டு பேருக்கும் ரெண்டாம் மாடியில வச்சிருந்தேன். மேசன் வீரய்யா கோடு போட்ட படம் இன்னும் மேசையில கெடக்கு. பக்கத்துப் பக்கத்துல, ஒரே அளவுல. ஆளுக்கொரு குசினி, ஆளுக்கொரு ஜன்னல். கெழக்கு வெயில் நேரா விழும். ஒண்ணா வந்தவங்க ஒண்ணா இருக்கட்டுமேன்னு.

ராக்காயி: இத... இத ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா முதலாளி?

நஸார்: சொன்னா எனக்கு அந்த மூலை, அவளுக்கு இந்த மூலைன்னு சண்டை போட்டு வீரய்யாவையே ஓட்டிருவீங்களே. கட்டி முடிச்சு சாவியக் கையில குடுக்கலாம்னு இருந்தேன்.

ராக்காயி: இப்பவும் என்ன கெட்டுப் போச்சு? பெட்டிசன் போட்டவங்களே போயி... தெரியாமப் போட்டுட்டோம், வேணாம்னு சொல்லிட்டா?

நஸார்: நேத்தே முடிஞ்சு போச்சு ராக்காயி. லிந்துலைத் தேயிலை வியாபாரி வந்தாரு. இந்த ஓட்டு வீடு நாலையும் இடிச்சிட்டு அவருக்கு ஸ்டோர் கட்டித் தர்றதா வாக்குக் குடுத்துட்டேன். தேயிலைப் பெட்டி ஒண்ணுக்கு மேல ஒண்ணு அடுக்கினா எவனும் பெட்டிசன் போட மாட்டான். மனுசனுக்குத்தான் வம்பு.

காளியாயி: அப்ப நாங்க?

நஸார்: மாசக் கடைசி வரைக்கும் இருங்க. டவுனுக்குள்ள நானும் நாலு எடத்துல விசாரிச்சுட்டேன், ஒரு அறை கூட இல்ல. தோட்டத்துலயே ஒங்க ஆளுங்ககிட்ட ஒரு காம்பரா பாருங்க. ...மொகத்த அப்புடி வச்சுக்காதீங்க புள்ளைங்களா. என் மேல தப்பு இல்ல. வர்றேன், கடைய ஆளில்லாம விட்டுட்டு வந்திருக்கேன்.

காளியாயி: ...வாளி ரொம்பிருச்சு ராக்காயி.

ராக்காயி: ரொம்பட்டும்.

காளியாயி: தண்ணி வீணாப் போகுது.

ராக்காயி: போகட்டும்டி. நாகலெட்சுமிகிட்ட என்னன்னு சொல்லுவேன்? தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாவதோட சரி. அவ நேத்துக்கூட டீச்சர் மாதிரி சேலை கட்டிப் பாத்துட்டு நின்னா. அவ தலையில நானே கொழுந்துக் கூடைய மாட்டி விடணுமா?

காளியாயி: அழுவாத. யாராச்சும் பாக்கப் போறாங்க.

ராக்காயி: காளியாயி... ஒண்ணு சொன்னா அடிப்பியா?

காளியாயி: சொல்லாத.

ராக்காயி: சொல்லாட்டி நெஞ்சு வெடிச்சிரும்.

காளியாயி: வேணாம் ராக்காயி. சொல்லாத, தண்ணியத் தூக்கிக்கிட்டுப் போ.

ராக்காயி: நான்தான்டி. தபால் கந்தோரு வாசல்ல பெட்டிசன் எழுதிக்கிட்டுக் குந்தியிருப்பாரே ஆண்டியப்பன் ஐயா, அவர்கிட்ட நாந்தான் போனேன். மண்ணு சரியும்னு எழுதுங்க, வெயில் விழாதுன்னு எழுதுங்கன்னு நாந்தான் சொன்னேன். அவரு கைநாட்டு வேணாம்மான்னாரு, நாந்தான் வச்சாத்தான் செல்லும்னு அடம் புடிச்சு வச்சேன். நீ அந்த ஜன்னல்ல நிக்கிறத என் கண்ணால பாக்க முடியாதுடி... பொறாமை... வேற ஒண்ணும் இல்ல, பொறாமைதான். பேசுடி. திட்டு. மசுரப் புடிச்சு ரெண்டு அறை விடு. இப்புடி நிக்காத.

காளியாயி: என்னிக்குப் போன?

ராக்காயி: என்ன?

காளியாயி: ஆண்டியப்பன் ஐயாகிட்ட. என்னிக்குப் போன?

ராக்காயி: சித்திரை வருசம் பொறந்து... அடுத்து வந்த செவ்வாக்கிழமை. எதுக்குக் கேக்குற?

காளியாயி: நான் புதன்கிழமை போனேன்.

ராக்காயி: நீயா? நீ எதுக்குடி போன?

காளியாயி: செரீபாம்மா எனக்கும் ஒன் பேரச் சொல்லித்தான் அனுப்பினாங்க. ஒனக்கு மட்டுந்தான் சோறு எறங்கலைன்னு நெனச்சியா? ஐயாகிட்டப் போயி இப்புடி இப்புடின்னு சொன்னேன். "அடடே, இதே சமாச்சாரம் நேத்துத்தான் எழுதினேன், இன்னும் தபால்ல சேக்கல, புதுசா எதுக்கும்மா, இதுலயே வெரல வையி"ன்னு தாள நீட்டினாரு. முன்னாடி வச்சது யாருன்னு நான் கேக்கலடி... யாரோ மகராசி, நல்லா இருக்கட்டும்னு வாழ்த்திக்கிட்டே வச்சேன். முதலாளி சொன்னாரே, பக்கத்துப் பக்கத்துல, ஒரே அளவுல... அப்புடித்தான் இருக்கு, நம்ம ரெண்டு வெரலும்.