பின்னச்சுக்குப் பலம்

சொந்தக்காரர்கள் வண்டியில் நான் பொதுவாகக் கை வைக்கிறதில்லை சார். வேலையில் ஒரு குறை வந்தால் அது சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்துவிடும். ராய்ஸ் என் மகள் நோரீனைக் கட்டியவன் என்பதால்தான் சம்மதித்தேன். நல்ல பையன். அவனைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு தப்பான வார்த்தை வராது.

அவனிடம் அறுபத்தொன்பதாம் வருஷத்து இரண்டு கதவு வண்டி இருந்தது. எட்டு சிலிண்டர், முரட்டு இழுவை. பெடலை மிதித்தால் பின்பக்கம் கிடா மாதிரி துள்ளும்.

"கிளம்புறப்ப குதிச்சு குதிச்சு உயிரை வாங்குது மாமா. டெக்சாஸ் போறதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடுங்க," என்றான்.

எனக்கு விஷயம் தெரிந்ததே அப்போதுதான். அங்கே ஒரு பந்தய அணியில் அவனையும் வண்டியையும் சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். சோள அறுவடை முடிந்ததும் வீட்டைக் காலி செய்வதாக ஏற்பாடு. நோரீன் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லணும்னுதாம்பா இருந்தேன். நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்கன்னு பயம்."

"நான் ஏம்மா தூக்கி வச்சுக்கப் போறேன்? போய் நல்லா இருங்க," என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், ராய்ஸைக் கேட்டுப் பாருங்கள். ஒஹாயோவில் உங்களுக்கு என்னடா குறை என்றுகூட நான் கேட்கவில்லை.

அவள் அம்மா எங்களை விட்டுவிட்டுப் போனபோது நோரீன் இன்னும் பள்ளிக்கூடம் சேரவில்லை. அதற்கப்புறம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கல்யாணமான பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும் எடுத்துக்கொண்டு வருவாள். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். டெக்சாஸிலிருந்து சூப்பு எடுத்துக்கொண்டு யார் வருவார்கள், சொல்லுங்கள்.

வேலையைச் சொல்கிறேன். பின் சக்கரங்களைக் கோத்திருக்கும் பின்னச்சை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு இணைத்திருக்கும் இரும்புக் கைகள் அந்த வண்டியில் ஒரு பக்கம் திறந்த வெறும் தகடுதான். இழுவை கூடினால் முறுக்கிக்கொள்ளும், அதுதான் துள்ளல். திறந்த பக்கத்தில் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் போட்டு மூடிவிட்டால் கை பெட்டி மாதிரி கெட்டியாகிவிடும், முறுக்காது. ஆனால் முறுக்காத கை அத்தனை இழுவையையும் கொண்டுபோய்ச் சேஸிஸில் அந்தக் கையைத் தாங்கும் பிராக்கெட்டில் இறக்கும். அதனால் கைக்குப் பலம் கொடுக்கிறவன் பிராக்கெட்டுக்கும் பலம் கொடுத்தாக வேண்டும். தொழிலுக்கு வருகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

கைகளில் நான் போட்ட வெல்டிங்கை உங்கள் ஆட்கள் மெச்சினார்களாம். சந்தோஷம். இடது பிராக்கெட்டில் பழைய விரிசல் ஒன்று இருந்தது, நகம் நுழைகிற அளவுக்கு. அதைச் சரி பண்ணத்தான் கிரைண்டரைக் கையில் எடுத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். விரிசலைப் பட்டிப் பசையால் அடைத்துத் தேய்த்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். அவன் கேட்டது துள்ளாத வண்டி. துள்ளாத வண்டியைத்தான் கொடுத்தேன்.

அவன் சாக வேண்டும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. வண்டி நொறுங்கினால் டெக்சாஸ் பயணமும் நின்றுபோகும், அவ்வளவுதான் என் கணக்கு. காலோ இடுப்போ ஒடிந்தால் ஒரு வருஷம் படுக்கையில் கிடப்பான், நோரீன் இங்கேயே இருந்து பார்த்துக்கொள்வாள். நானும் கூடமாட உதவி செய்திருப்பேன். அதில் எனக்கு ஒரு சுணக்கமும் இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து, சோளக்காட்டுக்கு நடுவே போகிற நேர் ரோட்டில் ஓட்டிப் பார்க்க எடுத்தோம். பக்கத்து வீட்டு ஹார்லனும் இன்னும் சிலரும் மடக்கு நாற்காலியும் பீருமாக வந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வெல்டிங் போட்டவன்தான் முதல் ஓட்டத்தில் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். இத்தனை வருஷத்தில் நான் உட்காராத வண்டி கிடையாது.

"ஏறுங்க மாமா," என்று ராய்ஸ் கதவைத் திறந்தான்.

"இடுப்பு பிடிச்சிருக்குப்பா. நீ போயிட்டு வா."

"என்னய்யா வெர்லின், உன் வேலை மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?" என்றான் ஹார்லன். எல்லோரும் சிரித்தார்கள். சும்மா கிண்டல்தான், ஆனால் நோரீனுக்குப் பொறுக்கவில்லை.

"எங்கப்பா வேலையையா குத்தம் சொல்றீங்க? அவருக்குப் பதிலா நான் உக்கார்றேன், பாத்துக்குங்க," என்று போய் ஏறிக்கொண்டாள். கண்ணாடியை இறக்கி எனக்குக் கை காட்டினாள். நானும் காட்டினேன்.

வண்டி துள்ளவே இல்லை சார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது கியர் வரைக்கும் அம்பு மாதிரி போனது. மூன்றாவது போட்டபோது இடது பிராக்கெட் பிய்ந்த சத்தம் கேட்டது. பின்னச்சு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, வண்டி ரோட்டை விட்டு இறங்கி மின்கம்பத்தில் மோதியது. அவள் உட்கார்ந்திருந்த பக்கம்.

ராய்ஸுக்குக் கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான் மாமா அவளைக் கொன்னுட்டேன், என்னை மன்னிச்சுடுங்க," என்று கதறினான். "நடந்தது நடந்துபோச்சுப்பா," என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்த நிலைமையில் அவனிடம் வேறென்ன பேச முடியும்? டெக்சாஸுக்கு இனிமேல் போகப் போவதில்லை என்றும் அவனே சொன்னான்.

என் இடுப்பு வலியைப் பற்றி ஹார்லன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். பிராக்கெட்டில் இருந்த பட்டியையும் உங்கள் போலீஸ் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. அவள் ஏறியதைப் பார்த்தும் ஏன் தடுக்கவில்லை என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும், நின்றிருப்பார்கள். எனக்குத் தெரியாதா? நின்றிருந்தால் ராய்ஸ் வண்டிக்கடியில் குனிந்து பார்த்திருப்பான். விஷயம் தெரிந்திருக்கும். அன்றைக்கு ராத்திரியே என் முகத்தில் விழிக்காமல் நோரீன் அவனோடு கிளம்பிப் போயிருப்பாள். இப்போது எங்கேயும் போகவில்லை, ஊரிலேயே இருக்கிறாள். கல்லறைத் தோட்டம் என் வெல்டிங் கடையிலிருந்து நடந்து போகிற தூரம்தான் சார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் போய்ப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வருகிறேன்.