சாதாரணக் குரலில் பேசவும்

வீட்டில் டெலிபோன் வைத்திருப்பவர்கள் இடி இடிக்கும்போது அதைத் தொடக் கூடாது. இதை நான் சொல்லவில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்துப் பங்களாவில், டெலிபோன் பெட்டிக்கு மேலே வெள்ளைக்காரத் துரை மாட்டியிருந்த அட்டை சொல்கிறது. சந்தாதாரருக்கான விதிகள் என்று அதற்குத் தலைப்பு. பேசி முடித்ததும் குழலைக் கொக்கியில் மாட்டவும். சாதாரணக் குரலில் பேசவும். ஒருவர் பேசுவதை மற்றவர் ஒட்டுக்கேட்பது குற்றம். எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசி விதிதான்.

நான் குழந்தைவேலு. சிடாம் கிரிப் பக்கத்துத் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கன். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை சாவியை என் கையில் திணித்துவிட்டுக் காரில் ஏறித் தெற்கே போய்விட்டார். நானும் என் மனைவி அம்சவள்ளியும் பங்களாவுக்குக் குடிபோனோம். இப்போது ஜப்பான்காரன் தோற்றதும் நீங்கள் காட்டிலிருந்து இறங்கி வந்து, துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, மரியாதையாகக் கேட்கிறீர்கள். நானும் மறைக்காமல் சொல்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் மூன்று வீடுகளுக்கு ஒரே கம்பி. மணி நீளமாக ஒரு தடவை அடித்தால் எனக்கு. இரண்டு அடித்தால் அடுத்த தோட்டத்துக் கிராணி பரஞ்சோதிக்கு. மூன்று என்றால் முச்சந்தியில் மளிகைக்கடை வைத்திருந்த ராமையாவுக்கு. யாருக்கு மணி அடித்தாலும் மற்ற இருவரும் எடுத்துக் கேட்பது துரை காலத்திலிருந்தே வழக்கம். ஒருமுறை அம்சவள்ளிக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தேன். நடுவில் பரஞ்சோதி, “அண்ணே, எங்கிட்ட கொய்னா மாத்திரை இருக்கு, குடுத்து விடவா?” என்றான். மாத்திரையும் வந்தது, காய்ச்சலும் தணிந்தது. ஆனால் என் பேச்சை அவன் கேட்டானே என்ற எரிச்சல் எனக்குத் தணியவில்லை.

சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று சுங்கைப் பட்டாணி ஜப்பான் ஆபீசிலிருந்து கேட்டார்கள். லாரி வருவதற்கு முதல்நாள் மத்தியானம் நான் டெலிபோனில் பெயர்களைச் சொல்ல வேண்டும். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். சோல்ஜர்கள் அந்தப் பெயர்களைக் கூப்பிட்டு ஏற்றிக்கொள்வார்கள். முதலில் மரம் சீவுகிறவர்கள், கிளை வெட்டுகிறவர்கள் போனார்கள். யாரும் திரும்பவில்லை. அங்கே வயிற்றுப்போக்கில் ஈசல் மாதிரி சாகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு பெரட்டில் ஆள் குறைய ஆரம்பித்தது. நான் முதல்நாள் எந்தப் பெயரைச் சொன்னேனோ அந்தக் குடும்பமே லயத்தில், அதாவது கூலிகளின் வரிசை வீடுகளில், இருக்காது. கடலோரத்தில் தஞ்சோங் டாவாய்ப் பக்கம் ஓடி, படகில் ஒளிந்துகொண்டதாகச் சொன்னார்கள். இன்னொரு முறை லாரி காலியாகத் திரும்பினால் நீயே ஏறு என்று அதிகாரி என் மார்பில் விரலால் குத்தினார். எனக்கு உயிர்ப்பயம் வந்தது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் பேசும்போதெல்லாம் கம்பியில் கரகரவென்று ஒரு சத்தம். உடனே மறுமுனைக் குரல் தேய்ந்துவிடும். யாரோ குழலை எடுத்தால் அப்படித்தான் ஆகும். எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒட்டுக்கேட்டு ஆட்களைக் கிளப்பிவிடுபவன் இவன்தான் என்று அன்றே ஆபீசில் பரஞ்சோதியின் பெயரைச் சொன்னேன்.

அவனை எங்கள் பெரட்டுக் களத்துக்கே கொண்டுவந்தார்கள். மண்டியிட வைத்தார்கள். அவன் என்னைப் பார்த்து, “அண்ணே, நான் அந்த போனைத் தொட்டே மாசக்கணக்காச்சு, சொல்லுங்கண்ணே” என்றான். நான் அட்டையில் இருந்த விதியை நினைத்துக்கொண்டேன். அதிகாரி வாளைத் தண்ணீரில் நனைத்தார். ஒரே வீச்சில் முடியவில்லை. லயத்து ஜனங்கள் கண்ணை மூடக் கூடாது என்று உத்தரவு. அவன் வீட்டு டெலிபோனைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த தடவையும் கரகரச் சத்தம் கேட்டது. நான் பெயர் சொன்ன வீடுகளும் காலியாயின. ஆக, மிச்சம் ராமையாதான். அவரைக் கடைவாசலிலேயே படுக்க வைத்து, வயிறு உப்பும்வரை வாயில் தண்ணீர் ஊற்றி, மேலே பலகை போட்டு மிதித்தார்கள். “கிராணியாரே” என்று ஒரு தடவை கூப்பிட்டார். அவருடைய டெலிபோனும் போயிற்று. இனி அந்தக் கம்பியில் என் வீடு மட்டும்தான். நிம்மதியாக இருந்தது.

மறுபடியும் பெயர்களைச் சொன்னேன். மறுபடியும் கரகரத்தது. மறுநாள் லயத்தில் ஈ காக்கை இல்லை.

அன்று அம்சவள்ளி பின்பக்கமாக வீட்டுக்குள் வந்தாள். சேலை ஓரமெல்லாம் சேறு. எங்கே போனாய் என்று கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை.

“லயத்துக்குத்தான். நீங்க போன்ல போடுற சத்தம் குசினி வரைக்கும் கேக்குதுங்க. நேத்து பேரு சொன்னதுமே ஓடிப்போய்ச் சொல்லிட்டேன். இன்னிக்கு எல்லாரும் போயாச்சான்னு பாத்துட்டு வர்றேன்.”

“கம்பியில யாரோ கேக்குறாங்களே?”

“ரப்பர் கிளை கம்பியில உரசுது. வெட்டுற ஆளுங்களத்தான் நீங்க சயாமுக்கு அனுப்பிட்டீங்களே. ரெண்டு பேரையும் அநியாயமாக் கொன்னுட்டீங்க. மாத்திரை குடுத்த மனுசன்லா அது!”

சொல்லிவிட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினியில் மரவள்ளி அவிக்கப் போய்விட்டாள். நான் ஓடிவிடுவேன், அல்லது திருந்திவிடுவேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

காலையில் காலியாகப் போன லாரி சாயங்காலம் திரும்பவும் வரும், அப்போதும் ஆள் இல்லாவிட்டால் நான் ஏற வேண்டும். அதையும் யோசித்தேன். ஆனால் அதைவிட, என் வீட்டுக்குள்ளேயே என் பேச்சுக்குப் பாதுகாப்பில்லை என்பதுதான் மனதை அறுத்தது. டெலிபோன் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினேன். அட்டையை ஒருமுறை படித்தேன். வாயைக் குழலுக்கு அருகில் வைத்துச் சாதாரணக் குரலில் அம்சவள்ளியின் பெயரைச் சொன்னேன். மறுமுனையில் நன்றாகவே கேட்டது. அத்தனை நாள் கத்தியிருக்கத் தேவையே இல்லை.

அவளை டெலிபோன் கம்பத்தில் கட்டித் துப்பாக்கி முனை ஈட்டியால் குத்தினார்கள். நான் வெளியே வரவில்லை. ஆபீசிலிருந்து அழைத்தால் எடுக்க ஆள் வேண்டும் அல்லவா.

அவளுக்கு நான் ஒரு நன்மை செய்தேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். லாரி வரும்வரை அவள் பயப்படவில்லை. நான் குழலைக் கொக்கியில் மாட்டியதும் குசினியிலிருந்து கேட்டாள்.

“இன்னிக்கு என்னங்க, பேசுற சத்தமே கேக்கல? லைன் நல்லாயிடுச்சா?”

நல்லாகிவிட்டது என்றேன்.