முழங்காலுக்குக் கீழே நான்கு விரல்

அன்று காலையில் மழை பெய்ததா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை, மேடம். என் ஞாபகத்தை நான் பெரிதாக நம்புவதும் இல்லை. செவ்வாய்க்கிழமை என்பது மட்டும் நிச்சயம். செவ்வாயும் வெள்ளியும்தான் நீங்கள் அம்பத்தூரில் எங்கள் தொழிற்சாலைக்கு வருவீர்கள். முதலுதவி அறையில் ஒரு மணி நேரத்தில் முப்பது பேரைப் பார்ப்பீர்கள். நான் பெயர் கூப்பிட்டு, கட்டுப் பிரித்து, மாத்திரை எடுத்துக் கொடுப்பேன்.

போன வாரம் கரையான்சாவடியில் பழக்கடை முன்னால் நாம் சந்தித்தபோது நீங்கள் ஒன்று சொன்னீர்கள். "கால்ல அந்தக் கோட்டை எங்க போட்டேன்னு இன்னும் எனக்கு ஞாபகம் வர மாட்டேங்குது, சிவராமன்." அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. வராவிட்டாலும் நான் பேசியிருக்க மாட்டேன். வாயால் சொல்ல வராதவை எனக்கு நிறைய உண்டு. எழுத வரும்.

முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் தள்ளிப் போட்டீர்கள். நீலப் பேனா.

பச்சையப்பனின் கால் அது. தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளி. சனிக்கிழமை தகடு கிழித்ததை ஒரு துணியால் சுற்றிக்கொண்டு மூன்று நாள் நடந்திருந்தான். நீங்கள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. புத்தகத்துப் படங்களில் எல்லாம் வெள்ளைக்காரக் கால். அதில் கிருமி பரவும் சிவப்பு சிவப்பாகத் தெரியும். நம் தோலில் அது கறுப்போடு கொஞ்சம் ஊதா கலந்து, இழுத்துக் கட்டியதுபோல் பளபளக்கும், அவ்வளவுதான். கண்ணை நம்பாதீர்கள், புறங்கையை வைத்துப் பாருங்கள், சூடு எங்கே முடிகிறதோ அங்கேதான் சிவப்பு முடிகிறது என்றீர்கள். என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தும் காட்டினீர்கள். பதினோரு வருடத்தில் என்னை யாரும் அப்படி மதித்துச் சொல்லிக்கொடுத்ததில்லை.

சூடு முடிந்த இடத்தில் கோடு போட்டீர்கள். மாத்திரை எழுதினீர்கள். தினமும் நான் பார்க்க வேண்டும், சூடு கோட்டைத் தாண்டினால் அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றீர்கள். பச்சையப்பன் வெளியே போய்ச் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் காலைக் காட்டினான்.

"எங்க நைனா காலம் பூரா ஏர் ஓட்னாரு, ஒரு செண்டு பட்டா கெடைக்கல. எனுக்குப் பாரு மாமே, காலுக்கே பட்டா போட்டுக் குட்த்துட்டாங்க."

வாசலில் இருக்கும் பலகையில் அன்று தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கு. விபத்தில்லாத நாட்கள். அடுத்த திங்கட்கிழமை ஆயிரம். தலைமை அலுவலகத்திலிருந்து வருகிறார்கள், பந்தல் போடுகிறார்கள், அன்று மேடையிலேயே என் நிரந்தர வேலைக்கான உத்தரவு என்று மேலாளர் உலகநாதன் சொல்லியிருந்தார். வேலையில் அடிபட்ட ஒருவன் ஆஸ்பத்திரியில் படுத்தால் பலகை மறுநாள் பூஜ்யத்துக்குப் போகும். அவர் என்னிடம் எதையும் செய்யச் சொல்லவில்லை. "பாத்துக்கோங்க சிவராமன்" என்று மட்டும் சொன்னார். நான் பார்த்துக்கொண்டேன்.

புதன்கிழமை புறங்கையை வைத்தேன். சூடு கோட்டுக்கு மேலே ஒரு விரல் வந்திருந்தது. வேர்வையில் கோடு கலைந்திருக்கிறது, திருத்திப் போடுகிறேன் என்று அவனிடம் சொன்னேன். கோடு கலையவில்லை. அவன் மனைவி அஞ்சலை, அவன் குளிக்கும்போது காலில் பாலித்தீன் பையைக் கட்டி, ரப்பர் பேண்டு போட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். அதே நீலப் பேனா. உங்கள் கோடு இடது ஓரத்தில் லேசாகக் கீழே வளையும். அந்த வளைவையும் போட்டேன். நான் ஏனோதானோவென்று போடவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை அஞ்சலையே சேக்காட்டிலிருந்து வந்தாள். வாசல் காவலாளியிடம் அரை மணி நேரம் வாதாடி உள்ளே வந்திருந்தாள்.

"கோடு தாண்டல சார், நானும் பாத்துகினுதான் கீறேன். ஆனா காலு அடுப்பு மாரி கொதிக்குது. ராவுல பெனாத்துறாரு."

தாண்டவில்லை என்றால் பயமில்லை என்றேன். அவள் போகாமல் நின்றாள். நான் மாத்திரைகளை எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள்தான், "நீங்க சொன்னா சரி சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்று காலையில்தான் இரண்டாவது முறை துடைத்துப் போட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் வந்தீர்கள். வருவதற்குக் கால் மணி முன்னால் என் மூன்றாவது கோடு. அதற்குள் சூடு முழங்காலுக்குக் கீழே ஒரு விரலில் இருந்தது. நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். நெடுநேரம் பார்த்தீர்கள். வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள்.

"நான் இவ்வளவு மேலயா போட்டேன்?"

"ஆமா மேடம்" என்றேன்.

என் முகத்தை ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு உங்கள் கையெழுத்திலேயே எழுதினீர்கள்: கோட்டுக்குள் உள்ளது, அதே மாத்திரை தொடரவும். பதிவேட்டில் நீங்கள் உயரத்தைக் குறித்திருக்கவில்லை. குறித்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. உங்களைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவன் உட்கார்ந்தபடியே வேலை செய்தான். திங்கட்கிழமை விழாவுக்கு அவனை வரச் சொன்னது நான்தான். வருகைப் பதிவு வேண்டியிருந்தது. பந்தலில் ஏழாவது வரிசையில் இருந்தான். உலகநாதன் பேசிக்கொண்டிருக்கும்போது அவனுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. முதலுதவி அறைக்குக் கூட்டிவந்து, கட்டிலில் படுக்கவைத்து, இரண்டு கம்பளி போர்த்தினேன். சூடு முழங்காலுக்கு மேலே போயிருந்தது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணாத்தே, கோட்டுக்குள்ளதான கீது?"

அவன் குனிந்து பார்க்கும் நிலையில் இல்லை. இருந்தும் நான் பஞ்சை எடுத்தேன், தொடையில் போட்டேன். பிறகு, "உள்ளதான் இருக்கு" என்றேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது.

மேடையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் வாங்கிக்கொண்டு வந்தேன். கைதட்டல் முடிந்து, சாப்பாடு முடிந்து, கார்கள் கிளம்பியபின் ஆட்டோ பிடித்து அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். காயம் சேக்காட்டில் பைக்கிலிருந்து விழுந்ததால் ஏற்பட்டது என்று பதிவேட்டில் அதற்கு முன்பே எழுதியிருந்தேன்.

தகடு செய்ததற்கு நான் பொறுப்பில்லை. கிருமி செய்ததற்கும் இல்லை. ஆனால் முதல் புதன்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அவன் பிழைத்திருப்பான். அது எனக்கு அன்றே தெரியும். புறங்கையில் தெரிந்தது. நான் அவனைக் கொன்றேன் என்று எழுதினால் நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள் என்றால், எழுதுகிறேன்: நான்தான்.

பச்சையப்பன் விழா நடந்த அந்த வாரம் புதன்கிழமை விடியற்காலையில் ரத்தத்தில் விஷம் ஏறி இறந்தான். அஞ்சலைக்கு எங்கள் கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. நான்தான் உலகநாதனிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தேன், எதிரில் பார்த்தால் இன்னும் கும்பிடுகிறாள். உலகநாதன் பதவி உயர்ந்து வேறு ஊருக்குப் போனார். தவறு உங்களுடையது என்று நீங்களே எழுதிக்கொடுத்துவிட்டு வேலையை விட்டீர்கள். வேலப்பன்சாவடி ஃபிளாட்டில் உட்கார்ந்து ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாள்கள் படிக்கிறீர்கள், யாருடைய காலையும் தொடுவதில்லை. நான் நிரந்தரமாகிவிட்டேன். பலகையில் இன்று ஆயிரத்து அறுநூற்றுப் பதினொன்று. இடையில் விபத்து எதுவும் நடக்கவில்லை.