டிக்கியைத் திறந்து காட்டாதவர்

கேட்டில் நிற்பது சோம்பேறி வேலை என்று பலரும் நினைக்கிறார்கள், இன்ஸ்பெக்டர் சார். ஒரு நாள் நின்று பார்த்தால் தெரியும், கால் எப்படி வீங்குகிறதென்று. ஹெப்பாளில் அந்தத் தொழிற்சாலைக் கேட்டில் நான் எட்டு வருஷம் நின்றேன். சட்டைப் பைக்கு மேலே செல்லக்கண்ணு என்று பெயர்ப் பட்டை குத்தியிருப்பேன். ஜெனரல் மேனேஜர் முரளிதரனின் கார் வந்தால் கேட்டைத் திறந்து சல்யூட் அடிப்பேன். கார்க் கண்ணாடி இறங்கியதே இல்லை. நானும் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

தொண்ணூற்றாறில் ஸ்டோரிலிருந்து செம்புக் கம்பி களவு போனது. வெளியே போகும் எந்த வண்டியானாலும் டிக்கியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவரே உத்தரவு போட்டார். அன்று சாயங்காலம் அவர் கார் வந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். டிரைவர் பக்கக் கண்ணாடி மட்டும் இறங்கியது. எந்த வண்டியானாலும் என்றால் எந்த வண்டியானாலும்தானே? அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. டிரைவரிடம், "யாருய்யா அந்த ஆளு? நாளைலேர்ந்து இங்க இருக்கக் கூடாது" என்றார்.

மறுநாள் நான் அங்கே இல்லை. வயிறு எரிந்தது சார், இப்போதும் எரிகிறது. பெயரைச் சொல்லிக் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன். எட்டு வருஷ சல்யூட்டுக்கு, அந்த ஆளாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் டிரைவர் இல்லாமல் சாமுண்டி மலைப் படியேற வருவார். என் மனைவியின் தம்பி லிங்கப்பன் கத்தியைக் காட்டினான். நான் பின்னாலிருந்து துண்டால் கண்ணைக் கட்டினேன். அவர் கார் டிக்கியை அன்றைக்குத்தான் திறந்து பார்த்தேன். ஒரு ஸ்டெப்னியும் குடையும் இருந்தன. காலை மடக்கிப் படுத்தால் ஒரு ஆளுக்கு இடம் போதும். கொள்ளேகால் ரோட்டு செக்போஸ்ட்டில் கைகாட்டி அனுப்பிவிட்டார்கள். டிக்கியைப் பார்க்கச் சொல்லி அவர்களுக்கு யாரும் உத்தரவு போடவில்லை போலிருக்கிறது.

ராமாபுரத்தில் லிங்கப்பனின் சோளக்காட்டு மோட்டார் ரூமில் வைத்தோம். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். களி இறங்கவில்லை என்றதும் இட்லி வாங்கிவரச் செய்தேன். அவர் காதுபட நான் வாய் திறக்கவில்லை. அவரிடமும் சரி, போனிலும் சரி, பேசியதெல்லாம் லிங்கப்பன்தான். கேட்ட பணத்தை அவர் மனைவி பேரம் பேசாமல் கொடுத்துவிட்டார், பாவம்.

பணம் கைக்கு வந்த மத்தியானம் லிங்கப்பன் சொன்னான்: "கண்ணக் கட்டுனபடியே கொண்டுபோயி ரோட்டுல உட்டுப்போட்டு வந்தர்லாம் மாமா. நாம யாருன்னே அவனுக்குத் தெரியாது."

நியாயமான யோசனைதான். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. இத்தனைக்குப் பிறகும் தெரியாமலே போவானா?

துண்டை அவிழ்த்தேன். வெளிச்சத்துக்குக் கண் கூசி, அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முதல்முறையாகப் பார்த்தார்.

"நான் யாருன்னு சொல்லுங்க" என்றேன்.

"தெரியலப்பா. சத்தியமா உன்னைப் பாத்ததே இல்ல. யார் கேட்டாலும் அதான் சொல்வேன்."

லிங்கப்பன் என் கையைப் பிடித்தான். "உசுருப் பயத்துல சொல்றானுங் மாமா. உட்ருங்க."

அவனுக்கு என்ன தெரியும்? அந்தக் கண்ணாடிக்கு வெளியே எட்டு வருஷம் நின்றது அவனா, நானா? அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே என்னைத் தெரியவில்லை. அதனால்தான் துண்டை அவர் கழுத்தில் போட்டேன். பெயரைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

துண்டு இறுகும்போது என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் செல்லக்கண்ணு" என்றார். தெளிவாகத்தான் சொன்னார்.

என் பெயர் தெரிந்த ஆளை அதற்குமேல் எப்படி சார் உயிரோடு விடுவது?