பெரியப்பா செத்த இடத்தில் அப்பாவின் கார்

அப்பாவுக்கு முதுகுவலி இப்போது குறைந்திருக்கிறது. காரில் படுப்பதை விட்டால் யாருக்கும் குறையும். கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன், இப்போதுதான் கண்ணயர்ந்தார்.

அப்பா பிஷ்கெக் நகரத்தில் டாக்ஸி ஓட்டுகிறார். வலது பக்கம் ஸ்டீயரிங் வைத்த பழைய ஜப்பான் கார். அம்மா மாஸ்கோவில் வேலை பார்க்கிறாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். போன குளிர்காலத்தில் காரைத் தெருவோரம் விட்டோம். காலையில் டயர் எதுவும் இல்லை, கார் செங்கல்மேல் உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே மரத்தடியில்தான் நிறுத்துகிறோம்.

எங்கள் கட்டடத்துச் சங்கத் தலைவர் மர்லேன் பைகே. வயதில் மூத்தவர், அதனால் பைகே. அவர் முற்றம் முழுக்க மஞ்சள் கோடு போட்டு இடங்களைப் பங்கு பிரித்தார். ஜன்னலுக்கு நேரே இருந்த இடம் அவருடைய மருமகனின் ஜீப்புக்குப் போனது. எங்களுக்குக் குப்பைத் தொட்டிக்கு அந்தப் பக்கம், விளக்கில்லாத மூலை. அப்பா போய்ப் பேசினார்.

“ஜீப்பு அகலம், தாலாய். அந்த மூலையில நுழையாது. உன் வண்டி சின்னது, எங்க வேணா சொருகிக்கலாம்.”

“சொருகிடலாம் பைகே. காலையில டயரோட இருக்குமா?”

“அதுக்குச் சங்கம் பொறுப்பில்லப்பா.”

வருகிற சனிக்கிழமை அந்த இடத்தில் வேறு வண்டி நுழையாதபடி பூட்டு வைத்த இரும்புக் கம்பம் நட்டு சிமெண்ட் ஊற்றுவதாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகுதான் அப்பா காரிலேயே படுக்க ஆரம்பித்தார். காருக்கு மேலேயா கம்பம் நடுவான் என்பது அவருடைய யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் வெள்ளிக்கிழமை ஏரிக்கரைக்கு ஒரு நீண்ட சவாரி வந்தது. வேண்டாமென்று சொல்கிற நிலையில் நாங்கள் இல்லை.

அப்பா போனதும் அந்த இடத்தில் நாற்காலி போட்டேன். மருமகன் எடுத்து ஓரமாக வைத்தார். துணி காயப்போடும் ஸ்டாண்டை வைத்தேன். அதையும் நகர்த்தினார், ஈரத்துணியோடு. எங்கள் முற்றத்தில் எதையும் நகர்த்துவார்கள். ஒருமுறை தள்ளுவண்டியை உள்ளே இருந்த குழந்தையோடு நகர்த்தியிருக்கிறார்கள். நகர்த்தாதது ஒன்றுதான். யாராவது செத்தால் முற்றத்தில் எழுப்புகிற கம்பளிக் கூடாரம். அதைக் கண்டால் ஜீப்புகள் தாமாகவே விலகிக்கொள்ளும்.

கூடாரம் சங்கத்துடையது. அடித்தளத்தில் மடித்து வைத்திருக்கிறார்கள், சாவி மர்லேன் பைகேயிடம். போய்க் கதவைத் தட்டினேன். அழுதுகொண்டுதான் இருந்தேன். அழுகை உண்மை, பயத்தில் வந்தது.

“பைகே, கூடாரம் வேணும்.”

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “அப்பாவாம்மா?”

தலையை ஆட்டி இல்லையென்றேன். அப்பாவைச் சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவு கெட்டவள் இல்லை நான். அட்பாஷி மலையில் ஆடு மேய்க்கிற எசென்பெக் பெரியப்பா நினைவுக்கு வந்தார். எங்கள் கட்டடத்தில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. பெயரைச் சொல்லி, “குதிரையிலேர்ந்து…” என்று தொடங்கினேன். மிச்சத்தை மர்லேன் பைகேயே முடித்துக்கொண்டார்.

“விழுந்துட்டாரா. அட பாவமே. உடம்பு எப்ப வருது?”

“பாதையில பனி. அங்கேயே அடக்கம் பண்றாங்க.”

பாதையில் பனி இல்லை. மற்றபடி பொய் அதிகம் சொல்லவில்லை.

அவரும் மருமகனும்தான் கூடாரத்தைச் சுமந்து வந்தார்கள். நான் இடத்தை மட்டும் காட்டினேன். பெரியப்பாவுக்கு அந்த மரத்தடி பிடிக்கும் என்றேன். சனிக்கிழமை கம்பம் நட வந்தவர்கள் குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள், டீ குடித்தார்கள், சிமெண்ட் மூட்டைகளை வாசலோரம் அடுக்கிவிட்டுப் போனார்கள். பெண்கள் கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். மருமகனின் ஜீப் டிக்கியில் ஓர் ஆடு வந்தது. அந்த ஆட்டை நினைத்தால் மட்டும் எனக்கு வருத்தம். உண்மையில் செத்தது அது ஒன்றுதான்.

அப்பா அன்று சாயங்காலம் திரும்பினார். வாசலில் கூடாரத்தைப் பார்த்ததும் கார்க் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடி வந்தார். வீட்டில் இருந்தது நான் ஒருத்திதானே. இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டபோதுதான் எனக்கு அது புரிந்தது. அதை நான் யோசித்திருக்கவில்லை. அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மர்லேன் பைகே வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, “உன் அண்ணன் போயிட்டாருப்பா” என்று விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

ராத்திரி முழுக்க அப்பா கூடாரத்துக்கு வெளியே நின்று, எங்கள் ஊர் ஆண்கள் அழும் வழக்கப்படி இடுப்பில் கையை ஊன்றி, “என் அண்ணே” என்று கதறினார். காதோடு சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போனேன். சிமெண்ட் மூட்டை பிரிக்காமல் அப்படியே இருந்தது. அதனால் சொல்லவில்லை.

துக்கத்துக்கு வந்த யாரோ அட்பாஷிக்குப் போன் போட்டிருக்கிறார்கள். செய்தி மலையேறும் வழியில் பெயர் உதிர்ந்துவிட்டது. தாலாய் வீட்டு வாசலில் கூடாரம் என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் மதியம் தெருமுனையிலிருந்தே ஒரு குரல், “ஐயோ என் தம்பி, என் தம்பி” என்று அலறிக்கொண்டு வந்தது. இங்கே அப்பா, “என் அண்ணே, என் அண்ணே” என்று அலறிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு அலறியதால் மார்போடு மார்பு இடித்துக்கொண்ட பிறகுதான் நிறுத்தினார்கள்.

முற்றமே திரும்பிப் பார்த்தது.

“யாருப்பா இவரு?” என்றார் மர்லேன் பைகே.

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். கூடாரத்தைப் பார்த்தார். ஜன்னலை, சிமெண்ட் மூட்டையை, கடைசியில் என்னை. டாக்ஸிக்காரர், வழி சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

“என் கடைசித் தம்பி” என்றார்.

பெரியப்பாவுக்கு மார்புவரை வெள்ளைத் தாடி.

“பாவம். துக்கத்துல ஒரே நாள்ல நரைச்சிருச்சு” என்றார் மர்லேன் பைகே.

அப்புறம் பெரியப்பா தன் துக்கத்துக்குத் தானே உட்கார்ந்தார். நல்ல கறித்துண்டாகப் பார்த்துப் போட்டார்கள். மர்லேன் பைகே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எசென்பெக் மாதிரி மனுஷன் வராது. பனியில என் வண்டி மாட்டினப்ப அவர்தான் தள்ளிவிட்டாரு” என்றார். பெரியப்பா எலும்பைக் கடித்தபடி யோசித்து, “ஆமா, தங்கமான மனுஷன்” என்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

“ஏண்டி, உசுரோட இருந்தப்ப ஒரு பய எனக்கு டீ வாங்கித் தந்ததில்ல. இப்ப பாரு.”

சங்கம் கூடி, வருஷம் திரும்பும்வரை அந்த இடத்தில் கம்பம் நடுவதில்லை என்று முடிவு செய்தது. கூடாரத்தைப் பிரித்த அன்றே அப்பா காரைக் கொண்டுவந்து விட்டார். என்னை அடிக்கவில்லை. காரைத் துடைத்துக்கொண்டே, “இனிமே யாரையும் கொல்லாத. கேட்டியா?” என்றார்.

“சரிப்பா.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் நான். பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். வருஷம் என்பது திரும்பத்தானே செய்யும். இன்றைக்கு மாடிப்படியில் மர்லேன் பைகே நின்று, எல்லோரையும் கேட்பதுபோல, வீட்டில் ஒவ்வொருவரும் சுகமா என்று விசாரித்தார்.

“எல்லாரும் நல்லா இருக்காங்க பைகே. நரின்ல இருக்கற சித்திக்குத்தான் லேசா இருமல்.”

சித்திக்கு இருமல் இல்லை. இப்போதைக்கு இல்லை.